ஒரு பக் எப்படிச் சரியாகிறது? கட்டற்ற மென்பொருளில் தன்னார்வலர்களின் வேலை

ஃபயர்ஃபாக்ஸ் உலாவி, லிப்ரே ஆஃபீஸ் அலுவலகத் தொகுப்பு, டெபியன் இயங்குதளம், வலைத்தளம் அமைக்கும் வேர்ட்பிரஸ் போன்ற, நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய கட்டற்ற மென்பொருள்களில் ஒரு பிழை (பக்) கண்ணில் பட்டால், அதை யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். அப்படிப் பதிவான பட்டியலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், பதில் எழுதலாம், திருத்தியும் அனுப்பலாம். இந்தப் பட்டியலைத்தான் பக் டிராக்கர் என்கிறார்கள்.

எல்லோருக்கும் கதவு திறந்திருப்பதால் வருகிற கூட்டமும் பெரிது. ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லா திட்டத்துக்காக 1998-ல் உருவான பக்சில்லா டிராக்கரில் பதிவுகளின் எண் 2014-ல் பத்து லட்சத்தைத் தொட்டது. டெபியனின் டிராக்கர் 2021-ல் அதே எண்ணை எட்டியது. இவற்றில் பல எப்போதோ முடிந்துபோனவை. பல ஒரே பிழையைத் திரும்பத் திரும்பச் சொல்பவை. சில, பிழையே இல்லை. ஆனால் எது எந்த வகை என்பது யாராவது உட்கார்ந்து படித்தால்தான் தெரியும். அப்படிப் படித்து, சோதித்து, வகை பிரித்து, உரியவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலைக்கு டிரையாஜ் என்று பெயர்.

வெளியிலிருந்து பார்க்கும்போது இது தெரிவதில்லை. யாரோ ஒரு புரோகிராமர் பிழையைப் படித்தார், நிரலைத் திருத்தினார், வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம். பல பிழைகளில் நிரலைத் திருத்தும் வேலை சில வரிகளில் முடிந்துவிடுகிறது. அந்தச் சில வரிகள் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடிப்பதற்கு முன்னால் நடக்கும் வேலைதான் நீளமானது. அதில் பெரும்பகுதிக்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. பொறுமையாகப் படிக்கவும், ஒரே விஷயத்தைப் பல விதமாகச் செய்து பார்க்கவும், பார்த்ததைத் தெளிவாக எழுதவும் தெரிந்தால் போதும். கட்டற்ற மென்பொருளுக்கு இன்று மிகவும் தேவைப்படுவது இப்படிப்பட்டவர்கள்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

ஓர் அறிக்கையைக் கையில் எடுத்துப் பார்ப்போம்

விளக்கத்துக்காக ஒரு கற்பனை உதாரணம். ஒரு ஸ்ப்ரெட்ஷீட் மென்பொருளின் டிராக்கரில் இப்படி ஓர் அறிக்கை வருகிறது:

"சி.எஸ்.வி. கோப்பைத் திறந்தால் தேதி எல்லாம் தப்புத் தப்பாக வருகிறது. சீக்கிரம் சரி செய்யுங்கள்."

சி.எஸ்.வி. என்பது அட்டவணைத் தரவைக் காற்புள்ளியால் பிரித்து எழுதிய எளிய உரைக் கோப்பு. எழுதியவருக்கு உண்மையிலேயே கஷ்டம் இருக்கிறது. ஆனால் திருத்தப்போகிறவருக்கு இதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், என்ன தேதி, தப்பு என்றால் எப்படித் தப்பு, எதுவும் தெரியாது. இந்த நிலையில் இதை ஒரு டெவலப்பர் திறந்து பார்த்தால், அரை மணி நேரம் முயன்றுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். அறிக்கை அப்படியே கிடக்கும். எழுதியவர் ஆறு மாதம் கழித்து வந்து, "இங்கே யாரும் கண்டுகொள்வதில்லை" என்று கோபப்படுவார். இரண்டு பேர் மேலும் தவறில்லை. நடுவில் ஓர் ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அந்த நடு ஆளாகத் தன்னார்வலர் ஒருவர் வருகிறார். முதலில் அவர் எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "பதிவு செய்ததற்கு நன்றி. உதவி மெனுவில் தெரியும் பதிப்பு விவரத்தை அப்படியே நகலெடுத்து இங்கே ஒட்ட முடியுமா? தேதி தப்பாக வரும் கோப்பிலிருந்து சில வரிகளை மட்டும் தனிக் கோப்பாக இணைத்தால் உதவியாக இருக்கும். அதில் பெயர், தொலைபேசி எண் போன்ற சொந்த விவரங்கள் இருந்தால் நீக்கிவிடுங்கள். இங்கே போடுவது எல்லோருக்கும் தெரியும்."

அந்தக் கடைசி வாக்கியத்தை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. அலுவலகக் கோப்பை அப்படியே தூக்கிப் போட்டுவிடுபவர்கள் நிறையப் பேர் உண்டு.

கோப்பு வருகிறது. பன்னிரண்டு வரிகள், மூன்று நெடுவரிசைகள். முதல் நெடுவரிசையிலும் மூன்றாவதிலும் தேதி. 03/04/2024 என்று இருப்பது ஏப்ரல் 3 ஆக வர வேண்டும். மார்ச் 4 ஆக வருகிறது. தன்னார்வலருக்கு உடனே ஒரு சந்தேகம். மாதத்தை முன்னால் எழுதும் வழக்கமும் நாளை முன்னால் எழுதும் வழக்கமும் இருக்கின்றன; மென்பொருளின் அமைப்பு முதல் வகையில் இருக்கலாம். அப்படியானால் இது பிழையல்ல, அமைப்பை மாற்றினால் போதும். இறக்குமதி செய்யும்போது வரும் சாளரத்தில், தேதி நெடுவரிசைகள் இரண்டுக்கும் "நாள்-மாதம்-ஆண்டு" என்று தேர்ந்தெடுத்துத் திறந்து பார்க்கிறார். மூன்றாவது நெடுவரிசை சரியாகிவிடுகிறது. முதலாவது மட்டும் பழையபடியே தப்பாக வருகிறது.

அவசரக்காரராக இருந்தால் "அமைப்பை மாற்றுங்கள்" என்று சொல்லி அறிக்கையை மூடியிருப்பார். இவர் கோப்பிலிருந்து ஒவ்வொரு வரியாக நீக்கி, ஒவ்வொரு முறையும் திறந்து பார்க்கிறார். கடைசியிலிருந்து நீக்கினால் மாற்றமில்லை. முதல் வரியை நீக்கியதும் எல்லாம் சரியாகிவிடுகிறது. முதல் வரியில் அப்படி என்ன இருந்தது? ஒன்றுமே இல்லை. அது காலி வரி.

இப்போது இரண்டே வரியுள்ள ஒரு கோப்பை அவரே தயாரிக்கிறார்: முதல் வரி காலி, இரண்டாவது வரியில் ஒரு தேதி. பிழை வருகிறது. காலி வரியை எடுத்தால் வருவதில்லை. அறிக்கையின் தலைப்பை மாற்றுகிறார்: "கோப்பின் முதல் வரி காலியாக இருந்தால், முதல் நெடுவரிசைக்குத் தேர்ந்தெடுத்த தேதி வடிவம் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுவதில்லை." கீழே செய்ய வேண்டியவை வரிசையாக, அப்புறம் என்ன வர வேண்டும், என்ன வருகிறது என்பது தனித்தனியாக. கூடவே அந்த இரண்டு வரிக் கோப்பு.

பழைய அறிக்கையையும் புதிய தலைப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இவ்வளவு செய்தவர் ஒரு வரி நிரல்கூட எழுதவில்லை. ஆனால் இறக்குமதிப் பகுதியை எழுதிய டெவலப்பர் இந்தத் தலைப்பைப் படித்த மாத்திரத்தில், எந்த இடத்தில் தவறியிருக்கும் என்று ஊகித்துவிடக்கூடிய நிலைக்கு அது வந்துவிட்டது.

"எனக்கும் நடக்கிறது" என்பதன் மதிப்பு

மேலே நடந்ததில் முக்கியமான படி, பிழையை இன்னொருவர் தன் கணினியில் வரவழைத்துப் பார்த்ததுதான். ஒருவரிடம் மட்டும் நடப்பதற்குப் பல காரணங்கள் இருக்கலாம்: அவர் சேர்த்த ஏதோ ஒரு நீட்சி, பழுதடைந்த அமைப்புக் கோப்பு, பழைய டிரைவர். இரண்டாவது ஆளுக்கும் அதே படிகளில் அதே பிழை வந்தால், அது மென்பொருளின் பிழை என்பது ஏறக்குறைய உறுதி. லிப்ரே ஆஃபீஸ் டிராக்கரில் புதிய அறிக்கை "உறுதி செய்யப்படாதது" என்ற நிலையில்தான் தொடங்குகிறது. பதிவு செய்தவர் அல்லாத வேறொருவர் சோதித்துப் பார்த்த பிறகே அடுத்த நிலைக்கு நகர்கிறது. இந்த வேலையை முதல் நாளே யாரும் செய்யலாம்.

வெறும் "எனக்கும்" என்று எழுதினால் பயனில்லை. எந்தப் பதிப்பில், எந்த இயங்குதளத்தில், எந்தப் படியில் என்று சேர்த்து எழுத வேண்டும். அதேபோல் "எனக்கு வரவில்லை" என்பதும் நல்ல தகவல்தான், விவரத்தோடு இருந்தால். ஒரு பிழை லினக்ஸில் வந்து விண்டோஸில் வரவில்லை என்றால், தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

சில பிழைகளைச் சிலரால் மட்டுமே பார்க்க முடியும் என்பதையும் சொல்ல வேண்டும். "கொடி" என்ற சொல்லில் உள்ள ஒகர உயிர்மெய்க் குறியை, எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில், ஒரே குறியாகவும் சேமிக்கலாம். எகரக் குறி, அதன் பின் கால் குறி என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒரு மென்பொருள் இவை இரண்டும் ஒன்றுதான் என்று கணக்கில் எடுக்காவிட்டால், கண்ணெதிரே இருக்கும் சொல்லைத் தேடினால் "கிடைக்கவில்லை" என்று சொல்லும். தமிழ் படிக்கத் தெரியாத டெவலப்பர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இதைத் தானாகக் கவனிக்க வாய்ப்பில்லை. எழுத்து உடைவது, அகர வரிசை மாறுவது, பேக்ஸ்பேஸ் தட்டினால் தேவைக்கு அதிகமாக அழிவது போன்றவற்றை அந்த மொழியில் தினமும் எழுதுபவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அரபிக்கும் தாய் மொழிக்கும் இதே கதைதான்.

ஒரே பிழை, பல அறிக்கைகள்

பிரபலமான மென்பொருளில் ஒரு பிழை வந்தால் பத்து பேர் பத்து விதமாக எழுதுவார்கள். ஒருவர் "தொங்கிப் போகிறது" என்பார், ஒருவர் "மெதுவாக இருக்கிறது" என்பார், இன்னொருவர் குறிப்பிட்ட ஒரு கோப்பின் பெயரைச் சொல்வார். இவையெல்லாம் ஒன்றுதானா என்று கண்டுபிடித்து இணைப்பது தனிக் கலை. பட்டியலை நிறையப் படித்தவருக்கே அது வரும். "இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே" என்று பொறி தட்ட வேண்டும்.

இணைக்கும்போது எது பழையது என்பதைவிட எதில் நல்ல விவரம் இருக்கிறது என்று பார்ப்பது மேல். தெளிவான படிகளோடு இருக்கும் அறிக்கையை வைத்துக்கொண்டு மற்றவற்றை அதனோடு சேர்த்துவிடலாம். சந்தேகமாக இருந்தால் சேர்க்காமல், "இதோடு தொடர்பு இருக்கலாம்" என்று மட்டும் குறிப்பிட்டுவிட்டு விடலாம். தவறாக இணைத்துவிட்டால் ஓர் உண்மையான பிழை பட்டியலிலிருந்து காணாமல் போய்விடும்.

எது பெரிது, எது முதலில்?

புதிதாக வருபவர்கள் குழம்பும் இடம் இது. பிழையின் கடுமை ஒன்று, அதைச் சரிசெய்யும் முன்னுரிமை வேறொன்று. கடுமை என்பது பிழை என்ன சேதம் செய்கிறது என்பது. முன்னுரிமை என்பது குழு அதை எப்போது எடுக்கும் என்பது. மிக அரிதான ஒரு பழைய சாதனத்தில் மட்டும் மென்பொருள் செயலிழந்து மூடிக்கொண்டால், கடுமை அதிகம், முன்னுரிமை குறைவாக இருக்கலாம். முகப்புத் திரையிலேயே மென்பொருளின் பெயர் தப்பாக அச்சாகியிருந்தால் கடுமை குறைவு; ஆனால் வெளியீட்டுக்கு முன் சரிசெய்தே ஆக வேண்டும்.

டெபியனில் கடுமைக்கு ஏழு படிகள் இருக்கின்றன. கீழே "இருந்தால் நன்றாக இருக்கும்" என்ற வகை விருப்பங்கள். மேலே முழு கணினியையே பாதிக்கும் பிழைகள். உச்சியில் இருக்கும் மூன்று படிகளில் ஒரு பிழை விழுந்தால் அது வெளியீட்டைத் தடுக்கும் பிழையாகக் கருதப்படும். டெபியன் தன் நிலைத்த பதிப்பை நாள் குறித்து வெளியிடுவதைவிட, இந்த வகைப் பிழைகள் குறைந்தபின் வெளியிடுவதையே விரும்புகிறது. அதனால் வெளியீட்டுக்கு முந்தைய மாதங்களில் வார இறுதிகளில் தன்னார்வலர்கள் ஓரிடத்தில் கூடி உட்கார்ந்து, தடுக்கும் பிழைகளை ஒவ்வொன்றாகத் தீர்ப்பது அங்கே நெடுநாள் வழக்கம். ஒரு பொதியின் (மென்பொருள் தொகுப்பின்) பொறுப்பாளர் அல்லாத ஒருவரும் அதைத் திருத்தி, விதிமுறைப்படி பதிவேற்ற அங்கே வழி உண்டு.

எந்தப் படி என்று தீர்மானிக்கும்போது, பதிவு செய்தவரின் கோபத்தை அளவுகோலாக எடுக்க வேண்டாம். தரவு அழிகிறதா, வேலை முற்றிலும் நிற்கிறதா, சுற்றிப் போக வழி இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளே பெரும்பாலும் போதும். முன்னுரிமையைக் குழுவே வைத்துக்கொள்ளட்டும். பல திட்டங்களில் அதை மாற்றும் உரிமை புதியவர்களுக்குத் தரப்படுவதில்லை; அது நியாயமானதே.

எப்போது கெட்டது என்று கண்டுபிடிப்பது

நம் தேதி உதாரணத்துக்கு இன்னொரு படி இருக்கிறது. தன்னார்வலர் பழைய பதிப்பு ஒன்றை நிறுவி அதே கோப்பைத் திறந்து பார்க்கிறார். அதில் சரியாக வருகிறது. அப்படியானால் இது முன்பு ஒழுங்காக இருந்து இடையில் கெட்டுப்போனது. இதை ரெக்ரஷன் என்கிறார்கள். இந்த வகைப் பிழைக்கு ஒரு பெரிய அனுகூலம் உண்டு: கெடுத்த மாற்றம் எது என்று குறிப்பாகச் சுட்டிக்காட்ட முடியும்.

மென்பொருளில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றமும் கமிட் என்ற பெயரில் வரிசையாகப் பதிவாகிறது. நல்ல பதிப்புக்கும் கெட்ட பதிப்புக்கும் இடையில் ஆயிரம் கமிட்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றாகச் சோதிக்கத் தேவையில்லை. நடுவில் இருக்கும் ஐந்நூறாவதைச் சோதிக்க வேண்டும். அது நன்றாக இருந்தால் குற்றவாளி பின்பாதியில், கெட்டிருந்தால் முன்பாதியில். இப்படிப் பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போனால், ஆயிரம் கமிட்களுக்குப் பத்துச் சோதனைகள் போதும். பதினாறாயிரம் இருந்தாலும் பதினான்கு போதும். கமிட்களைப் பதிவு செய்து வைக்கும் கிட் கருவியில் இதற்கென்றே பைசெக்ட் என்ற கட்டளை இருக்கிறது.

நிரலை ஒவ்வொரு முறையும் தொகுத்து இயக்குவது சிரமம் என்பதால், பெரிய திட்டங்கள் அந்தச் சிரமத்தையும் எடுத்துவிட்டிருக்கின்றன. ஃபயர்ஃபாக்ஸுக்கு மோஸ்ரெக்ரஷன் என்ற கருவி உண்டு. பழைய தினசரிப் பதிப்புகளை (நாள்தோறும் உருவாகும் சோதனைப் பதிப்புகளை) அதுவே இறக்கித் திறந்து காட்டும். நாம் பார்த்துவிட்டு நல்லது, கெட்டது என்று மட்டும் சொல்லிக்கொண்டே போனால், கடைசியில் குறிப்பிட்ட மாற்றத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். லிப்ரே ஆஃபீஸ் குழு தயார்நிலையில் உள்ள பதிப்புகளை ஆயிரக்கணக்கில் சேர்த்துவைத்து, அவற்றுக்கு நடுவே இதே முறையில் தேட வசதி செய்திருக்கிறது.

"இன்ன நாளில் வந்த இன்ன மாற்றத்துக்குப் பிறகு இது கெட்டது" என்று ஓர் அறிக்கையில் எழுத முடிந்தால், அதைவிடப் பெரிய உதவி கிடையாது. அந்த மாற்றத்தைச் செய்தவர் யார் என்பதும் பதிவில் இருப்பதால், கேள்வி நேராக உரியவரிடம் போய்ச் சேரும். கேட்கும் தொனி மட்டும் முக்கியம். "உங்கள் மாற்றத்தால் கெட்டுப்போனது" என்று எழுதுவதைவிட, "இந்த மாற்றத்துக்குப் பிறகு இப்படி நடக்கிறது, கொஞ்சம் பார்க்க முடியுமா" என்பது வேலையை முன்னே நகர்த்தும்.

மூடுவது எப்படி

எல்லா அறிக்கையும் திருத்தத்தில் முடிவதில்லை. "பிழையல்ல", "சரிசெய்யப் போவதில்லை", "தகவல் போதவில்லை" என்றெல்லாம் முடிவுகள் உண்டு. உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் லாஞ்ச்பேட் டிராக்கரில் "முழுமையற்றது" என்று குறிக்கப்பட்ட அறிக்கைக்குப் பதிலே வராவிட்டால், அறுபது நாள் கழித்து அது தானாகக் காலாவதியாகும்படி அமைக்க முடியும். பட்டியல் பெருத்துப்போகாமல் இருக்க இது தேவைதான்.

ஆனால் பதில் வரவேண்டியது குழுவிடமிருந்து என்றால் நிலைமை வேறு. பதிவு செய்தவர் கேட்ட எல்லாவற்றையும் கொடுத்திருக்கிறார், யாரும் வந்து பார்க்கவில்லை, சில மாதம் கழித்து ஒரு பாட் (தானியங்கி நிரல்) வந்து "நடமாட்டம் இல்லை" என்று சொல்லி மூடிவிடுகிறது. இது நல்ல வழக்கமே இல்லை. அடுத்த முறை அவர் எதையும் பதிவு செய்ய மாட்டார். தன்னார்வலர் ஒருவர் அந்தப் பழைய அறிக்கையை எடுத்து, தற்போதைய பதிப்பில் சோதித்து, "இன்னும் நடக்கிறது" என்றோ "இப்போது நடப்பதில்லை" என்றோ எழுதினால் அதற்கு எவ்வளவோ மதிப்பு. பழைய பிழை என்பதற்காகச் செத்த பிழை என்று அர்த்தமில்லை. ஃபயர்ஃபாக்ஸில், வேறு சாளரத்துக்கு மாறிய பிறகும் சிறு குறிப்புப் பெட்டி திரையில் ஒட்டிக்கொண்டு நிற்கும் பிழை 2002-ல் பதிவானது, சரியானது 2023-ல். அத்தனை ஆண்டுகளும் அந்தப் பதிவு திறந்தே இருந்தது.

மூடும்போது ஏன் மூடுகிறோம் என்று இரண்டு வரி எழுதுவதை வழக்கமாக வைத்துக்கொள்ள வேண்டும். எதிர்ப்பக்கம் இருப்பவர் நேரம் செலவழித்து எழுதியிருக்கிறார். காரணம் தெரிந்தால் ஏற்றுக்கொள்வார். அல்லது, நாம் தவறாகப் புரிந்துகொண்டோம் என்று சொல்லித் திருத்துவார்.

நடுவில் இருப்பவரின் பொறுப்பு

பல கட்டற்ற மென்பொருள்களுக்குப் பின்னால் இருப்பது ஒன்றிரண்டு பேர். வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு கிடைக்கும் நேரத்தில் பராமரிப்பவர்கள். எக்ஸ்-இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் கருவியில் 2024-ல் நடந்தது இதைக் கொடூரமாகக் காட்டியது. அதைத் தனியாகப் பராமரித்துக் களைத்திருந்தவர் மீது, "ஏன் இவ்வளவு தாமதம், வேறொருவரிடம் கொடுங்கள்" என்று அழுத்தம் தரப்பட்டது. உதவ வந்தவராக இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நடித்து நம்பிக்கை சம்பாதித்த ஒருவர், கடைசியில் அதற்குள் ஒரு ரகசிய வாசலை வைத்துவிட்டார். பிடிபட்டது எப்படி? போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் டெவலப்பரான ஆந்திரெஸ் ஃபிரொய்ண்ட், வேறு ஏதோ சோதனை செய்துகொண்டிருந்தபோது தொலைவிலிருந்து இன்னொரு கணினிக்குள் நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். உள்நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கவனித்தார். "சரி, போகட்டும்" என்று விடாமல் காரணத்தைத் துருவிக்கொண்டே போய் அந்த வாசலைக் கண்டுபிடித்து, 2024 மார்ச் 29 அன்று பொதுவில் அறிவித்தார். பெரும்பாலான லினக்ஸ் கணினிகளுக்கு அது போய்ச் சேரும் முன்பே தடுக்கப்பட்டது.

பராமரிப்பவரின் நேரத்தைக் காப்பது டிரையாஜ் செய்பவரின் வேலையில் பாதி. இன்று அந்த நேரத்தை உறிஞ்சும் புதிய பிரச்சினை, ஏ.ஐ. எழுதித் தரும் போலி அறிக்கைகள். இணையம் வழியே தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் கருவியை உருவாக்கிய டேனியல் ஸ்டென்பெர்க் 2024 ஜனவரியிலேயே இதைப் பற்றி எழுதினார்: பார்க்க நேர்த்தியாக இருக்கும், உள்ளே உண்மை இருக்காது, ஆனால் பாதுகாப்புப் பிரச்சினை என்று சொல்லப்படுவதால் படித்தே ஆக வேண்டும். அதனால் ஏ.ஐ. துணையோடு ஓர் அறிக்கை எழுதினாலும், அதில் உள்ள ஒவ்வொரு படியையும் நம் கணினியில் நாமே செய்து பார்த்திருக்க வேண்டும். செய்து பார்க்காததை எழுதக் கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்கத் தோன்றவில்லை.

பாதுகாப்பு பற்றி இன்னொன்றும் உண்டு. கடவுச்சொல் வெளியே தெரிவது, அடுத்தவர் கணக்குக்குள் நுழைய முடிவது போன்ற பிழை கண்ணில் பட்டால், பொது டிராக்கரில் போடவே கூடாது. திருத்தம் வரும் முன் எல்லோருக்கும் வழி காட்டிக் கொடுத்ததாகிவிடும். இதற்கென்று பல திட்டங்கள் தனி முகவரியோ மறைவான படிவமோ வைத்திருக்கும். பட்டியலைப் படிக்கும்போது வேறு யாராவது அப்படிப் போட்டிருந்தால், அங்கேயே விவாதிக்காமல் உடனே குழுவுக்குத் தனியாகத் தெரிவிக்க வேண்டும்.

திருத்தத்துக்குள் கால் வைப்பது

நிரல் எழுதத் தெரிந்தவர்கள் இங்கிருந்து ஒரு படி முன்னே போகலாம். தொடக்கக்காரருக்கு ஏற்ற பிழைகளுக்குத் தனி லேபிள் போட்டு வைப்பது இன்று பரவலான வழக்கம். லிப்ரே ஆஃபீஸில் ஈஸி ஹேக்ஸ், வலைச்செயலிகள் எழுத உதவும் ஜாங்கோவில் ஈஸி பிக்கிங்ஸ், மொசில்லாவிலும் வேர்ட்பிரஸிலும் குட் ஃபர்ஸ்ட் பக். இவற்றில் ஒன்றை எடுப்பதற்கு முன், வேறு யாராவது ஏற்கெனவே எடுத்திருக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள்.

நல்ல திருத்தத்தில் இரண்டு பகுதி இருக்கும். ஒன்று, பிழையைக் காட்டும் சிறு சோதனை; இன்னொன்று, அந்தச் சோதனையைத் தேறவைக்கும் மாற்றம். நம் உதாரணத்தில் அந்த இரண்டு வரிக் கோப்பே சோதனையாகிவிடும். திருத்துவதற்கு முன் அது தோற்க வேண்டும், திருத்திய பின் தேற வேண்டும். அது நிரலோடு நிரந்தரமாக இருப்பதால், பிற்பாடு யாராவது தெரியாமல் அதே இடத்தைக் கெடுத்தால் உடனே மாட்டிக்கொள்ளும். வழியில் பார்த்த வேறு அழகு வேலைகளை எல்லாம் அதே பேட்ச்சில் (அனுப்பும் திருத்தத்தில்) சேர்க்காதீர்கள். சரிபார்ப்பவருக்கு அது தலைவலி.

எண்ணிக்கைக்காக அனுப்புவதும் வேண்டாம். 2020-ல், கட்டற்ற மென்பொருளுக்குப் பங்களிக்க ஊக்குவிக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்ச்சியின்போது டி-ஷர்ட் பரிசுக்காக ஒன்றுமில்லாத மாற்றங்களை ஏராளமானோர் அனுப்பிக் குவித்தார்கள். பராமரிப்பவர்கள் திணறிப் போனதால், விரும்பும் திட்டங்கள் மட்டும் பங்கேற்கும்படி அமைப்பாளர்கள் நடுவிலேயே விதியை மாற்ற வேண்டி வந்தது.

அப்புறம், மற்றவர்கள் அனுப்பிய பேட்ச்களைச் சோதித்துச் சொல்வது. வேர்ட்பிரஸ் டிராக்கரில் "சோதனை தேவை" என்ற குறிச்சொல்லோடு காத்திருக்கும் பதிவுகளைப் பார்க்கலாம். திருத்தம் தயார், ஆனால் பயன்படுத்திப் பார்த்துச் சொல்ல ஆளில்லை. புதிய பேட்ச் எழுதுவதைவிட இப்படிப்பட்ட இடத்தில் கொடுக்கும் ஒரு மணி நேரம் பல சமயம் அதிகப் பலன் தரும்.

எங்கே தொடங்கலாம்?

தினமும் பயன்படுத்தும் மென்பொருளில் தொடங்குவதுதான் சரி. அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கைக்குத் தெரிந்திருக்கும். அதன் பங்களிப்பு வழிகாட்டியைப் படித்துவிட்டு, டிராக்கரில் இன்னும் உறுதி செய்யப்படாதவற்றில் கடந்த சில நாள்களில் வந்ததை எடுங்கள். பதிவு செய்தவருக்கு நினைவு பசுமையாக இருக்கும். கேட்டால் பதில் வரும். வாரத்துக்கு இரண்டு மூன்று அறிக்கைகளை முழுதாகப் பார்த்தால்கூடப் போதும். ஒரே நாளில் ஐம்பதைத் தொட்டுவிட்டு ஓய்ந்துபோவதில் யாருக்கும் லாபமில்லை. லேபிள் போடும் உரிமை, மூடும் உரிமை எல்லாம் பின்னால் தானாக வரும். நிரலை மாற்றும் அனுமதி தராமலே அறிக்கைகளை நிர்வகிக்க மட்டும் ஒருவரைச் சேர்க்கும் வசதி, பல திட்டங்கள் தம் நிரலை வைத்திருக்கும் தளமான கிட்ஹப்பில் இருக்கிறது; பல திட்டங்கள் நல்ல தன்னார்வலர்களை அந்த வழியில்தான் உள்ளே சேர்க்கின்றன.

திருத்தம் சேர்ந்த பிறகும் ஒரு வேலை மிச்சம் இருக்கும். பக்சில்லாவில் "சரிசெய்யப்பட்டது" என்ற நிலைக்கு அடுத்து "சரிபார்க்கப்பட்டது" என்று இன்னொரு நிலை உண்டு. திருத்தியவர் அல்லாத ஒருவர் புதிய தினசரிப் பதிப்பை இறக்கி, அறிக்கையில் உள்ள அதே படிகளைச் செய்து பார்த்து, பிழை போய்விட்டது என்று பதிப்பு எண்ணோடு எழுத வேண்டும். தினசரிப் பதிப்பில் வேறு புதுப் பிழைகள் இருக்கக்கூடும் என்பதால், அன்றாடம் வேலை செய்யும் கோப்புகளை அதில் திறக்காதீர்கள். தனி புரொஃபைல் ஒன்றை உருவாக்கி, நகலெடுத்த கோப்புகளை மட்டும் வைத்துச் சோதியுங்கள்.